எதிர்மனுதாரர் ஆஜராகவில்லை

“கையெழுத்துக்குப் போயிருக்குதுங்க, சாப்பாட்டு நேரம் முடிஞ்சு வாங்க” என்று நகல் பிரிவு ஜன்னலுக்குள் இருந்த கண்ணாடிக்காரம்மா சொன்னாள். மகுடேஸ்வரி சரிங்க என்று தலையாட்டினாளே ஒழிய வராந்தாவை விட்டு இறங்கவில்லை. இறங்கினால் கால் கார் வரைக்கும் போய்விடும், கார் வரைக்கும் போனால் கை சாவியைத் திருப்பிவிடும், தன் காலையும் கையையும் பற்றி அவளுக்குத் தெரியாதா. முதல் தடவை இந்தப் புங்கம்பாளையம் கோர்ட்டுக்கு வந்தபோது கேட்டுக்கு வெளியே ஒரு டீயைக் குடித்துவிட்டு, கறுப்புக் கோட்டுகள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டே நின்று, வந்த வழியே கரூருக்குத் திரும்பினவள்தானே. இன்றைக்கு அது நடக்காது. காகிதத்தைக் கையில் வாங்காமல் போவதில்லை என்று விடிகாலையில் தலைக்குக் குளிக்கும்போதே தனக்குத் தானே சொல்லிக்கொண்டுதான் வந்திருக்கிறாள். சுவரோரம் கிடந்த பெஞ்சில், மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் வலதுகால் தரையை அழுத்தியது. அது தொழில் பழக்கம். கரூரில் பொம்பளைகளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள் அவள்; ஸ்டியரிங் இன்னொருத்தி கையில் இருக்கும், அவள் இடதுபக்கத்து சீட்டில் தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை நம்பி உட்கார்ந்திருப்பாள். வண்டி எங்கே போகவேண்டும் என்பது ஓட்டுகிறவள் பாடு, நிற்கவேண்டிய இடத்தில் நிறுத்துவதுதான் தன் பாடு என்று பத்துப் பன்னிரண்டு வருஷமாக அப்படியே பழகிப்போயிற்று. பிரேக்கு இல்லாத சீட்டில் உட்கார்ந்தால் இப்படித்தான், கால் எதையாவது தேடும்.

எதிரே இருந்த கோர்ட் ஹால் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே மின்விசிறி சுற்றும் சத்தம், அதற்கு மேல் யாரோ வக்கீலின் முணுமுணுப்பு, அதற்கும் மேல் திடீரென்று கதவோரம் வந்து நின்ற டவாலியின் குரல். செவப்புப் பட்டை குறுக்கே போட்ட அந்த ஆள் ஒரு பேரை மூன்று தடவை கூப்பிட்டான். “ரங்கநாயகி, ரங்கநாயகி, ரங்கநாயகி.” மூன்றாவது தடவை அவன் குரல் பாதியிலேயே இறங்கிவிட்டது, வரமாட்டாள் என்று தெரிந்தவன் போல. கொஞ்ச நேரம் வராந்தாவைப் பார்த்தான், பிறகு உள்ளே திரும்பினான். அவ்வளவுதான். அவ்வளவுதானா? அந்த ரங்கநாயகி யாரோ, எங்கே இருக்கிறாளோ, சோறு வடித்துக்கொண்டிருக்கிறாளோ, பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறாளோ. மகுடேஸ்வரி என்று இதே வராந்தாவில் இதே மாதிரி மூன்று தடவை கூப்பிட்டிருப்பார்கள். பதினேழு பதினெட்டு வருஷத்துக்கு முன்னால். அது இந்த ஆளாக இருக்காது, இவனுக்கு வயசு பற்றாது, வேறொருத்தன், வேறொரு குரல். அந்தக் குரல் இந்தத் தூணில் மோதி, இந்தச் சுவரில் மோதி, அங்கே முற்றத்து வாதநாராயண மரம் வரைக்கும் போயிருக்கும். அந்த நேரம் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? அதுதான் அவளுக்குத் தெரியவே தெரியாது. எந்தத் தேதி என்று யாரும் சொல்லவில்லை. அந்த வருஷத்து எல்லா நாளிலும் அவள் ஏதோ ஒன்றைச் செய்துகொண்டுதான் இருந்தாள், அப்பாவின் களத்தில் கடலைக்காய் உரித்தாள், எருமைக்குத் தண்ணி காட்டினாள், தையல் மிஷினில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிக்கூட உடுப்புக்குப் பொத்தான் வைத்தாள். தேதி தெரியாததால் அந்தக் குரல் எல்லாவற்றிலும் விழுகிறது. கடலைக்காய் உரிக்கிறாள், மகுடேஸ்வரி. தண்ணி காட்டுகிறாள், மகுடேஸ்வரி. ஊசியில் நூல் கோர்க்கிறாள், மகுடேஸ்வரி. அவளுக்குக் காதில் விழவில்லை. காதில் விழாததை அவள் வராததாக எழுதிக்கொண்டார்கள்.

போகவேண்டாம் என்றது அப்பாதான். நாச்சிமுத்து என்றால் அந்தப் பக்கத்து நாலு ஊருக்குத் தெரியும், பேச்சு குறைச்சல், வெட்டு ஒன்று துண்டு இரண்டு. புருஷன் போட்ட விவாகரத்துக் கேஸில் சம்மன் வந்த அன்றைக்கு அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நம்ம ஊட்டுப் புள்ள கோர்ட்டு வாசல்ல நிக்கறதா, அவன் கேக்கறதைக் கோர்ட்டே குடுத்துத் தொலைக்கட்டும், அத்தோட முடிஞ்சுது என்றார். அவள் அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருபத்தஞ்சு வயசு. நான் போறனுங்கப்பா என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை, இப்போது நினைத்தால் அந்த வார்த்தை வாய்க்குள் எந்த இடத்தில் நின்றது என்றுகூடச் சொல்லமுடியும், இங்கே, மேல்வாய்ப் பல்லுக்குப் பின்னால். முடிஞ்சுது என்றால் முடிந்துவிடுமா. பிரிந்தாயிற்று என்று ஆள் மூலமாகச் செய்தி வந்தது, அவன் வேறு கல்யாணம் செய்துகொண்டான் என்றும் வந்தது, அவள் கரூருக்கு வந்து லைசென்ஸ் எடுத்து வேலைக்குச் சேர்ந்தாள், அப்பாவுக்கு முட்டி போய்விட்டது, அவரையும் கூட்டிவந்து வைத்துக்கொண்டாள். ஒரு காகிதமும் அவள் கைக்கு வரவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்கவேண்டி வந்தது போன வருஷம்தான்.

பின்சீட்டில் ஒரு குழந்தை. வண்டி ஓட்டப் பழக வந்த ஒரு டீச்சரம்மா வீட்டில் விட ஆள் இல்லாமல் மகளையும் கூட்டிவருவாள், நாலு வயசு, பின்னால் நின்றுகொண்டு இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டிக்கொண்டு வரும். திருப்பத்தில் ஹாரன் அடிக்கச் சொன்னபோது அது மகுடேஸ்வரியின் தோளைத் தட்டி, “நீங்க யாரோட அம்மா” என்று கேட்டது. நான் யாரோட அம்மாவும் இல்ல சாமி என்றாள். அப்பறம் எதுக்கு எங்கம்மாவைத் திட்டறீங்க என்றது. டீச்சர் சிரித்ததில் வண்டி அணைந்துபோயிற்று. அவளும் சிரித்தாள். ஆனால் அந்த வார்த்தை போகவில்லை, ராத்திரி சோறு போடும்போதும் இருந்தது, மறுநாளும் இருந்தது. யாரோட அம்மா. ஒரு மாசம் அதை வைத்துக்கொண்டு திரிந்துவிட்டு, தத்தெடுக்க மனு போடுவது எப்படி என்று கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தைத் தேடிப் போய்க் கேட்டாள். தனியாக இருக்கிற பொம்பளைக்கும் கொடுப்பார்கள், பெண்குழந்தையும் கொடுப்பார்கள், அவள் வயசுக்குக் கைக்குழந்தை கிடைக்காது, கொஞ்சம் வளர்ந்த பிள்ளைதான். அதுதானே வேண்டும், பேசுகிற பிள்ளை. அந்த அலுவலகத்திலிருந்து ஷர்மிளா என்று சின்ன வயசுப் பெண் ஒருத்தி வீட்டைப் பார்க்க வந்தாள், அடுப்படியைப் பார்த்தாள், அப்பாவிடம் நாலு கேள்வி கேட்டாள், அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டு, “அக்கா, டிவோர்ஸ் ஆனதுக்குக் கோர்ட் டிக்ரி வேணும்ங்க்கா. அது இல்லாம உங்க பதிவு மேல நகராது” என்றாள். அவள் போனபிறகு அப்பா, “இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்” என்றார். இந்த வயசில் என்றால் எந்த வயசில். சொல்ல வேண்டிய வயசில் எதையும் சொல்லவிட்டார்களா.

கேஸ் நம்பர் தெரியாது, வருஷம் சரியாகத் தெரியாது, யார் வக்கீல் என்று தெரியாது. கம்ப்யூட்டரில் பார்த்தால் அவ்வளவு பழைய கேஸ் வரவில்லை. இரண்டாவது தடவை டீக்கடையைத் தாண்டி உள்ளே வந்தபோது வழிகாட்டினது அர்த்தநாரி, யாரோ ஒரு வக்கீலின் குமாஸ்தா, காதில் முடி முளைத்த மனுஷர். “பேரு ரெண்டும் சொல்லுங்க, உத்தேசமா வருஷம் சொல்லுங்க, தேடிப் பாக்கச் சொல்லி ஒரு மனுப் போடலாம்” என்றார். பேர் இரண்டும் சொல்லும்போதுதான் எவ்வளவு காலமாயிற்று அந்தப் பேரைச் சொல்லி என்று தோன்றியது. சென்னியப்பன். வாயில் வைத்தால் ஒன்றுமே இல்லை, வெறும் பேர், மளிகைக்கடைப் பலகையில் எழுதியிருக்கிற பேர் மாதிரி. நம்பர் கிடைத்துவிட்டது என்று அர்த்தநாரி போன் செய்த அன்று வகுப்பு நடந்துகொண்டிருந்தது, அவள் பிரேக்கை மிதித்துவிட்டாள், ஓட்டிக்கொண்டிருந்த பெண் பயந்துபோய் என்னங்க மேடம் ஆடு வந்துதா என்றாள். பிறகு நகல் மனு எழுதும்போது அர்த்தநாரி பேனாவை நிறுத்தினார். “டிக்ரி மட்டும் போதும்ங்க. ஒரே பக்கம். இன்னாருக்கும் இன்னாருக்கும் நடந்த கல்யாணம் ரத்துன்னு இருக்கும், அவ்வளவுதான். ஜட்ஜ்மென்ட்டு எதுக்கு? அதுல எதிர்த்தரப்பு சொன்னதெல்லாம் இருக்கும். நீங்க வராம எக்ஸ்பார்ட்டியா முடிஞ்ச கேஸ் வேற. எதுக்கு வீணா மனசைக் கெடுத்துக்கிறீங்க.” அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். மகுடேஸ்வரி மேஜைமேல் கையை வைத்து, “ரெண்டும் போடுங்க” என்றாள். சொன்னது சொன்னதுதான்.

ஏன் இரண்டும் போடச் சொன்னாள் என்று இன்றைக்கு இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தாள். ஏனென்றால் அதில் அந்த வார்த்தை இருக்கும். உன்னப் பைத்தியம்னு எழுதித்தான் டிவோர்ஸ் வாங்கினாங்களாமா என்று ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த பொம்பளை ரசத்துக்குச் சோற்றில் அணை கட்டிக்கொண்டே கேட்டாள். ரசம் ஊற்றினவன் நகர்ந்துபோகும்வரை மகுடேஸ்வரி தன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பைத்தியம். கோர்ட்டு முத்திரை குத்தின காகிதத்தில் அது இருந்து, அதை ஷர்மிளா படித்தால். படித்துவிட்டு அவளுடைய மேலதிகாரியிடம் காட்டினால். இந்தப் பொம்பளை கையில் ஒரு பிள்ளையைக் கொடுக்கலாமா என்று அவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தால். வேண்டாம், ஒற்றைப் பக்கத்தைக் கொடுத்துவிட்டு மற்றதைக் கிழித்துப் போட்டுவிடலாம். கிழித்தால் யாருக்குத் தெரியும். யாருக்கும் தெரியாது, அவளுக்குத் தெரியும். இத்தனை வருஷமாக மற்றவர்கள் படித்ததைத்தான் அவள் படிக்காமல் இருந்தாள், அவளைப் பற்றி அவளைத் தவிர எல்லாரும் கேட்டிருந்தார்கள், இனி ஒரு தடவையாவது அவளே படிக்கவேண்டும். என்ன எழுதியிருந்தாலும் சரி.

தறி ஓடுகிற வீடு அது, சென்னியப்பன் வீடு. வாசலைத் தாண்டினால் கூடம், கூடத்தைத் தாண்டினால் தறிக் கொட்டகை, விடிந்ததிலிருந்து ராத்திரி வரைக்கும் எட்டுத் தறியும் சேர்ந்து போடும் சத்தம். புதுப்பெண்ணாகப் போன முதல் நாள் தலை வெடித்துவிடும் போலிருந்தது, ஒரு வாரத்தில் அந்தச் சத்தம் இல்லாவிட்டால்தான் தூக்கம் வரவில்லை. அங்கே யாரும் யாரோடும் பேசமுடியாது, கையைக் காட்டுவார்கள், உதட்டை அசைப்பார்கள், மாமியார் சொம்பைத் தூக்கிக் காட்டினால் தண்ணி, விரலை மடக்கினால் அடுப்பு. சென்னியப்பன் பகலெல்லாம் தறியோடு இருப்பான், ராத்திரி வந்தால் காது மந்தமாகி, பேசினாலும் கேட்காது, சோற்றைத் தின்றுவிட்டுப் படுத்துவிடுவான். கெட்டவன் என்று சொல்லமுடியாது, நல்லவன் என்றும் சொல்ல வாய்ப்பு வரவில்லை. அவள் பேசிப் பழகினவள். அம்மா செத்தபிறகும் எருமையோடாவது பேசிக்கொண்டிருந்தவள். இந்தச் சத்தத்துக்குள் யாருக்கும் கேட்காது என்று தெரிந்ததும் அவள் பேச ஆரம்பித்தாள், உரக்க, வெங்காயம் நறுக்கிக்கொண்டே, இன்னைக்கு என்ன குழம்பு வைக்கட்டும் மகுடேசு, தட்டப்பயிறு வெச்சா என்ன, வெச்சா தின்னுட்டுப் போறாங்க என்று. தனக்குத் தானே கேள்வி கேட்டுத் தானே பதில் சொல்லித் தானே சிரித்துக்கொள்வாள். அது எவ்வளவு சுகமாக இருந்தது. தண்ணிக்குள் முங்கிக்கொண்டு பாடுகிற மாதிரி. அப்புறம் ஒரு நாள் பேச்சு நடுவில் கரண்டு போயிற்று. எட்டுத் தறியும் ஒரே நேரத்தில் நின்றன. வீடே மொட்டையாகிவிட்டது போல ஒரு அமைதி, அந்த அமைதிக்குள் அவள் குரல் மட்டும், “அட போடி, ஒனக்கென்ன கொறச்சல்” என்று தனியாக நின்றது. திரும்பிப் பார்த்தால் கதவுக்குப் பக்கத்தில் மாமியார். மாமியாருக்குப் பின்னால் நூல் கோர்க்கிற பொம்பளை. மாமியாரின் முகம் அவளுக்கு இன்னும் மறக்கவில்லை, கோபமில்லை அது, பயம்.

போன் அடித்தது. அப்பா. எடுக்கலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல் எடுத்துவிட்டது. “எங்கிருக்கற கண்ணு, வண்டிச் சத்தமே காணம்” என்றார். வகுப்பில் இருப்பதாகத்தான் சொல்லிவிட்டு வந்திருந்தாள். இன்னொரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் போதும், பாலம் ஓரமா நிக்கறேன், மழை வருது, ஏதாவது. “புங்கம்பாளையம் கோர்ட்டுல இருக்கறனுங்கப்பா” என்றாள். அந்தப் பக்கம் அவர் மூச்சு மட்டும் கேட்டது, அதற்குப் பின்னால் வீட்டுக் கடிகாரத்தின் சத்தம்கூடக் கேட்கிற மாதிரி இருந்தது. பிறகு போன் அணைந்தது. வைத்தாரா, தானாக அறுந்ததா என்று தெரியவில்லை. அவள் அதைப் பையில் போட்டாள். போகட்டும், அவரும் கொஞ்ச நேரம் தெரியாமல் உட்கார்ந்திருக்கட்டும்.

சாப்பாட்டு நேரம். வக்கீல்கள் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள். டவாலி பட்டையை அவிழ்த்து மடித்து ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு டிபன் டப்பாவைத் திறந்தான், தயிர் சோற்று வாசம் வந்தது. அவளுக்குப் பசி இல்லை, எழுந்து போய்க் குழாயில் முகம் கழுவினாள். குளிர்ந்த தண்ணி பிடரியில் இறங்கியதும் உடம்பு ஒரு தடவை தூக்கிப்போட்டது. தண்ணி பிடரியில் இறங்கினால் அவளுக்கு இன்னும் அப்படித்தான். மாமியார் வீட்டார் அவளுக்குப் பேய் பிடித்திருக்கிறதென்று பூசாரியிடம் கூட்டிப்போனார்கள். கரண்டு போன நாளிலிருந்து ஒரு மாசமோ இரண்டு மாசமோ கழித்து, நல்ல வார்த்தை சொல்லித்தான் கூட்டிப்போனார்கள், உடம்புக்கு நல்லதாமா, புள்ள உண்டாகுமாமா. குடம் குடமாகத் தலையில் ஊற்றினார்கள், முடியைப் பிடித்து வேம்பு மரத்தில் கட்டினார்கள், யார் நீ, எந்த ஊரு, எதுக்கு வந்தே என்று பூசாரி கேட்டான். நான் மகுடேஸ்வரி என்றாள். அது பொய் என்று வேப்பங்குழையால் அடித்தான். மகுடேஸ்வரிங்க, நாச்சிமுத்து மக. திரும்ப அடித்தான். சென்னியப்பன் அவள் இரண்டு கையையும் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றான், அவன் கை நடுங்கியது அவளுக்குத் தெரிந்தது, ஆனால் விடவில்லை. நடுங்குகிற கை விட்டிருக்கலாம், விடவில்லை. மறுநாள் கோழி கூப்பிட அவள் கிளம்பிவிட்டாள், முடி காயவில்லை, டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தண்ணி முதுகில் இறங்க இறங்க வந்தாள். அப்பாவிடம் சொன்னாள், எல்லாம் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு வெளியே போய் வெகுநேரம் நின்றார். வந்து, “இதை ஆருகிட்டயும் சொல்லாத” என்றார். அவள் சொல்லவில்லை. குழாயை மூடினாள். முற்றத்துக்கு அந்தப்பக்கம் கார் தெரிந்தது, கண்ணாடியில் வெயில், மேலே சிவப்பில் எழுதின எல் என்ற எழுத்து. பத்து எட்டு வைத்தால் போய்விடலாம். கால் அந்தப் பக்கம் திரும்பினதும் நிஜம். அவள் நின்றாள், முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், பிடரியைத் துடைத்தாள், பிறகு வராந்தாப் படியேறித் திரும்பவும் அதே பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் இப்போது ஒரு கிழவர் உட்கார்ந்து நிலத்து வழக்கு விவரம் ஒன்றை யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். அவளும் உதட்டுக்குள் சொல்லிக்கொண்டாள், இன்னங் கொஞ்ச நேரம் மகுடேசு, இன்னங் கொஞ்ச நேரம்.

ஜன்னல் திறந்தது. கண்ணாடிக்காரம்மா ரசீதை வாங்கிப் பார்த்து, கட்டுக்குள்ளிருந்து உருவி, முத்திரை காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “டிக்ரி ஒண்ணு, தீர்ப்பு ஒண்ணு. இங்க கையெழுத்துப் போடுங்க” என்றாள். போட்டாள். அந்தம்மா நிமிர்ந்து பார்த்து, “நல்லா உக்காந்து படிச்சுப் பாருங்க, பேரு கீரு தப்பா இருந்தா இப்பவே சொல்லீருங்க” என்றாள். அவ்வளவுதான். ஐந்தாறு பக்கம், கனமே இல்லை. பெஞ்சுக்கு வந்து முதலில் தேதியைப் பார்த்தாள். ஆவணி மாசத்து ஒரு நாள், வியாழக்கிழமை. அந்த நாளை நினைத்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. கடலைக்காயும் வரவில்லை, எருமையும் வரவில்லை, மற்ற நாளெல்லாம் ஞாபகம் இருக்கிற அவளுக்கு அந்த ஒரு வியாழக்கிழமை சுத்தமாக வெள்ளையாக இருந்தது. சரி என்று புரட்டினாள். ‘எதிர்மனுதாரர் அழைக்கப்பட்டார். ஆஜராகவில்லை.’ அதைத் தாண்டினாள். அடுத்த பக்கத்தில் இருந்தது. எதிர்மனுதாரர் மனநிலை சரியில்லாதவர் என்றும், யாரும் இல்லாத நேரத்தில் தனக்குத் தானே பேசிச் சிரிப்பவர் என்றும் மனுதாரர் தரப்பில் கூறப்பட்டுள்ளது. அவள் அந்த வரியை விரலால் மறைத்தாள், பிறகு எடுத்தாள். இருக்கிறது. ஆமாம், பேசினாள், சிரித்தாள், இப்போதும் பேசுகிறாள். அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி. இதற்கு ஆதாரமாக மருத்துவச் சான்று எதுவும் தாக்கல் செய்யப்படவில்லை. ஆகவே அந்தக் காரணத்தை இந்நீதிமன்றம் ஏற்கவில்லை. திரும்பப் படித்தாள். ஏற்கவில்லை. அவளுக்காக ஒரு ஆளும் நிற்காத ஹாலில், அவள் முகத்தையே பார்க்காத யாரோ ஒருத்தர், யாரும் கேட்காமலே இதை எழுதியிருக்கிறார். இத்தனை வருஷம் பயந்தது இரண்டு வரியில் தீர்ந்துபோயிருந்தது, அது தீர்ந்த சேதியும் அவளுக்கு வரவில்லை. அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. ஏனென்றால் கண் அதற்குள் அடுத்த பத்திக்குப் போய்விட்டது. எனினும், எதிர்மனுதாரர் தக்க காரணமின்றி மனுதாரரை விட்டு விலகிச் சென்று இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தன் தந்தை வீட்டில் வாழ்ந்து வருவது மறுக்கப்படாத சாட்சியத்தால் மெய்ப்பிக்கப்பட்டுள்ளது. தக்க காரணமின்றி. பைத்தியத்துக்கு அவள் தயாராக வந்திருந்தாள், இதற்குத் தயாராக வரவில்லை. தக்க காரணமின்றி. முடி காயவில்லையே. வேம்பு மரத்துப் பட்டை முதுகில் பதிந்திருந்ததே. எழுதினவரைக் குற்றம் சொல்லமுடியாது, அவருக்கு யார் சொன்னார்கள். காரணம் அவளிடம் இருந்தது, அவள் இங்கே இல்லை.

இந்தத் தடவை அவளே போன் போட்டாள். உடனே எடுத்தார், கையிலேயே வைத்திருந்திருப்பார். “வாங்கீட்டயா” என்றார். “வாங்கீட்டனுங்கப்பா.” “பைத்தியம்னு போட்டிருக்குதா?” என்று கேட்டார். அப்படியென்றால் அவருக்கும் தெரியும், அவரும் இத்தனை நாள் அதை வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். “அவங்க சொன்னாங்கன்னு போட்டிருக்குது. கோர்ட்டு அதை ஏத்துக்கலைன்னும் போட்டிருக்குது. கேளுங்க, படிக்கறேன்” என்று அவள் படித்தாள். மெதுவாக அல்ல, வகுப்பில் சொல்லுகிற குரலில், வராந்தாவில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படித்தாள். நிலத்து வழக்குக் கிழவர் திரும்பிப் பார்த்தார், டவாலி பட்டையை மாட்டிக்கொண்டே பார்த்தான். பார்க்கட்டும். தக்க காரணமின்றி என்ற இடம் வந்ததும் அப்பா, “என்னது, திருப்பிச் சொல்லு” என்றார். திருப்பிச் சொன்னாள்.

“காரணம் இருந்துதே” என்றார்.

“இருந்துதுங்க. சொல்லத்தான் ஆள் இல்ல.”

அவர் கேட்டார், “நான்தான் விடலைன்னு அதுல இல்லையா?”

“இல்லீங்க.”

“போட்டிருக்கோணும்.”

விடுங்கப்பா, அதெல்லாம் பழசு என்று சொல்ல வாய் வந்தது. எத்தனையோ தடவை அப்படிச் சொல்லி அவரைச் சாப்பிட வைத்திருக்கிறாள், தூங்க வைத்திருக்கிறாள். இன்றைக்கு அதைச் சொல்லவில்லை. “ஆமாங்கப்பா, போட்டிருக்கோணும்” என்றாள். சொன்னதும் அந்தப் பக்கத்தில் ஏதோ ஒன்று கீழே இறங்கி உட்கார்ந்த மாதிரி இருந்தது, அவர் கட்டிலில் உட்கார்ந்தாரோ என்னவோ. அவள் காகிதங்களை அடுக்கிப் பைக்குள் வைத்தாள், டிக்ரியையும் வைத்தாள், தீர்ப்பையும் வைத்தாள், இரண்டையும் ஷர்மிளாவின் மேஜையில் வைக்கப்போகிறாள், அந்த வார்த்தையையும், அதற்குக் கீழே இருக்கிற இரண்டு வரியையும், தக்க காரணத்தை எழுதி அவளே கையெழுத்துப் போட்ட ஒரு தாளையும் சேர்த்து. அந்தத் தாளை இனிமேல்தான் எழுதவேண்டும், கலெக்டர் ஆபீஸ் படியில் உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம். படித்துவிட்டுக் கேட்கட்டும், பதில் சொல்ல அவள் நேரில் இருக்கிறாள்.

“கண்ணு” என்றார் அப்பா. “அந்தப் புள்ள வந்தா, என்னைய ஆருன்னு சொல்லுவே?”

அவள் நடந்துகொண்டே யோசித்தாள். வராந்தா முடிந்து படி வந்தது.

“எங்கப்பா, உனக்கு அப்புச்சின்னு சொல்லுவேன்” என்றாள். “கொஞ்சம் பெருசானதும் மத்ததையும் சொல்லுவேன்.”

“சொல்லு” என்றார் அவர்.